பெரிய டர்போ

மயிலாப்பூர் பத்ரிநாராயணன், ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வயது நாற்பத்தாறு. ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, வேகம் கூட வேண்டும் என்று எடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். முதலில் ஏசியைக் கழற்றினார். பிறகு பின் சீட்டைக் கழற்றினார். கோயிலுக்குப் போனால் அவரும் மகள் வர்ஷினியும் காரில். மனைவி பின்னால் ஆட்டோவில்.

"அடுத்தது ஆத்துலேர்ந்து என்னையும் கழட்டிடுவேளா?" என்று மனைவி கேட்டாள். அவர் அப்போது மூன்றாவது வேலையில் மும்முரமாக இருந்தார்: இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போ.

ராயப்பேட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் நாஸியா, மேஜைமேல் இரண்டு டர்போக்களை எடுத்து வைத்தாள். ஒன்று தேங்காய் அளவு. மற்றது பலாப்பிஞ்சு அளவு.

"சின்னது போதும் சார். காருல வெயிட்டே இல்ல. கால் வெச்சதும் இழுக்கும், உங்க கைக்குள்ள நிக்கும். பெருசு மொதல்ல தூங்கும். திடீர்னு முழிச்சுக்கினு மொத்த பவரையும் ஒரே தள்ளா தள்ளும். நம்ம ரோட்டுக்கு அது வாணாம்."

"பவர் எதுல ஜாஸ்தி?"

"பெருசுலதான்."

"அப்போ அதையே மாட்டுங்கோ. கணக்கு சிம்பிள்."

நாஸியா பெருமூச்சு விட்டபடி மாட்டிக் கொடுத்தாள்.

பத்து நாள் மாட வீதிகளில் ஓட்டினார். டர்போ ஒரு முறைகூட விழிக்கவில்லை. மாவு பாக்கெட் கொண்டுபோகும் சைக்கிள்கூட அவரை முந்திச் சென்றது. பொறுமையிழந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலை வர்ஷினியை ஏற்றிக்கொண்டு கடற்கரையோர நொச்சிக்குப்பம் பக்கம் வண்டியை விட்டார். ஏசி இல்லாததால் ஜன்னல்கள் திறந்திருந்தன.

"அப்பா, மீன் கடையெல்லாம் இருக்கு. மெதுவாப் போங்கோ!"

முன்னால் ஓர் ஆட்டோ. முந்துவதற்காக மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினார். டர்போ விழித்துக்கொண்டது. முன்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. ஸ்டியரிங் கையிலிருந்து திமிறிக்கொண்டு திரும்பியது. கார் ஓரத்திலிருந்த மீன் பலகையில் மோதி நின்றது. சங்கரா மீன்கள் ஜன்னல் வழியே பறந்து வந்தன. பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத பத்ரியின் மடியில் முழு வஞ்சிரம் ஒன்று வந்து படுத்தது.

கூடியவர்கள் சிரித்தார்கள். ஐஸ் எடுக்கப் போயிருந்த மீன்காரி தேவானை ஓடி வந்தாள். முன்சக்கரத்தின் அடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் முக்காலி அங்கே நசுங்கிக் கிடந்தது.

சிரிப்பு அடங்கியது. பத்ரி மடியிலிருந்த மீனை எடுத்து வைத்துவிட்டு இறங்கினார்.

"இன்னா சார், எங்க போய்க்கினு இருந்தே?"

"எங்கயும் இல்லம்மா... சும்மாத்தான்."

"சும்மா போறதுக்கா இம்மாம் ஸ்பீடு? நான் ஐஸ் எடுக்கப் போவலன்னா, எம் புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்லுவே?"

வர்ஷினி அழுதுகொண்டே இறங்கி, சிதறிய மீன்களைப் பொறுக்கினாள். அவரும் குனிந்து பொறுக்கினார். நஷ்டத்தைக் கொடுத்தார், போலீஸ் அபராதத்தையும் கட்டினார்.

மறுநாள் நாஸியா கேட்டாள்: "சின்னதை மாட்டவா சார்?"

"எதுவும் வேண்டாம். இதைக் கழட்டிடுங்கோ."

"எம் மேலயும்தான் தப்பு சார். வாணாம்னு சொல்லிட்டு நானேதானே மாட்டுனேன்."

பத்ரி தலையசைத்தார். "வேகம் வேணும்னா அதுக்குன்னு பந்தயத் தளம் இருக்கு. ரோட்டுல நம்ம ஆசையை ஓட்டினா, அதுக்கு அடியில யாரோ ஒருத்தர் உயிர்தான் மாட்டும்."