பொலிஸ் நிலையத்தில் வெடித்த பால்மாப் பேணி

ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், 1996ஆம் ஆண்டு ஆயுத பூசையன்று காலை, தேயிலைத் தொழிற்சாலையின் கூரை பறந்தது. தகரங்கள் மலைகளைத் தாண்டிப் பெரகல சந்திவரை போய்த் தேத்தண்ணிக் கடை வாசலில் இறங்கின என்று நான் சொல்வதுண்டு. கீழேயிருந்த கோவா மரக்கறிப் பாத்தியோடு அவை நின்றுவிட்டன என்பவர்கள் கற்பனை இல்லாதவர்கள்.

காப்புறுதிக் கம்பனிக்காகத் தீயின் காரணம் தேடுவது அப்போது என் வேலை. நான் போய்ச் சேருமுன்பே காரணம் முடிவாகியிருந்தது: குண்டு. யுத்த காலத்தில் எது வெடித்தாலும் குண்டுதான். வைத்தவனும் கிடைத்திருந்தான். தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்யும் சுரேஸ். எல்லோரும் வெளியே போன பிறகு ஒரு பொதியோடு தனியாக உள்ளே போனவன் அவன்தான். வெடித்ததும் வாசலுக்கு வெளியே வந்து விழுந்தவனும் அவன்தான். பிடிபட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்கள். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை.

அவன் மனைவி விஜயலெட்சுமி தொழிற்சாலை வாசலில் நின்றாள். அவளுக்கும் அங்கேதான் வேலை.

“பொதியில கற்பூரமும் தேங்காயும்தாங்க. நாந்தான் கட்டிக் குடுத்தேன். அதைக்கூட வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்குறாருங்க.”

சலிக்கும் அறைக்குள் போய்ப் பார்த்தேன். குண்டு கர்வம் பிடித்தது. தான் இருந்த இடத்தில் ஒரு குழி தோண்டாமல், பக்கத்து இரும்பைக் கந்தலாக்காமல் போகாது. தரையில் குழி இல்லை. பொயிலர் வெடித்தால் பொயிலர் மிஞ்சாது. அது முழுசாக இருந்தது. காஸ் அங்கே பாவிப்பதில்லை. ஆனால் நாலு சுவரும் ஒரே அளவாக வெளியே சாய்ந்திருந்தன, அந்த அறையே மூச்சை இழுத்து நெஞ்சை விரித்ததுபோல. தகரம் போன கூரையின் மர வளைகளில் தேயிலையின் மெல்லிய பஞ்சுத் தூசு கருகி ஒட்டியிருந்தது.

“இந்த வளையளை எப்ப கூட்டுறனீங்கள்?” என்று வாசலில் நின்ற விஜயலெட்சுமியைக் கேட்டேன்.

“ஆயுத பூசைக்குத்தாங்க. வருசத்துக்கு ஒருக்கா. அன்னைக்கும் கூட்டுனோம். ஆளுக்கு ஆள் மொகம் தெரியல. அப்பறம் கை கால் கழுவப் போனோம். பூசைத் தட்டை வைக்க அவரு உள்ள போனாரு.”

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வருடத் தூசை எல்லோருமாக ஒரே காலையில் காற்றில் எழுப்ப, அது அடங்குமுன் அதன் நடுவே சுரேஸ் கற்பூரம் கொளுத்தியிருக்கிறான்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இத்ரூஸ் என் அடையாள அட்டையை நெடுநேரம் படித்தார். யாழ்ப்பாணத்துச் சிவராசாவாகிய நான் அது குண்டில்லை என்று சொன்னால் யார் நம்புவார்?

“தூசு வெடிக்குமா? அப்ப என்ட வூடு எப்பவோ வெடிச்சிருக்கணுமே. மனிசி கூட்டுறதே இல்ல.”

“கூட்டாத வரைக்கும் பயமில்லை ஐயா. காத்தில நிறைஞ்சு நிக்கேக்கை, அடைச்ச இடத்தில, ஒரு நெருப்புப் பட்டால்தான்.”

செய்து காட்டச் சொன்னார். பெரிய பால்மாத் தகரப் பேணி ஒன்றின் அடியில் துளையிட்டு றப்பர் குழாய் செருகினேன். தொழிற்சாலையில் அள்ளிய தூசைப் பேணிக்குள் குழாயின் வாயருகே போட்டேன். உள்ளே கற்பூரத்தைக் கொளுத்தி, மூடியை அழுத்தி, சுரேஸ் இருந்த கம்பிக் கூட்டுக்கு முன்னால் வைத்து ஊதினேன். வெடிக்கும் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியிருந்தேன். மற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூடி பறந்து, மைல் கணக்கில் தள்ளியிருக்கும் தெமோதரைப் பாலத்தைத் தாண்டியது. கூரைத் தட்டில் மோதி விழுந்ததாக அறிக்கையில் எழுதினேன். அறிக்கைகளில் நான் அடக்கமானவன். முழுப் பொலிஸ் படையும் ஒரே மேசைக்கு அடியில் புகுந்தது. வாசற் காவலாளியின் துப்பாக்கி முனை என் தொப்புளில் இருந்தது.

இத்ரூஸ் தரையிலிருந்து எழுந்து தொப்பியைத் தட்டினார்.

“சரி, வெடிக்குது. ஆனா கொளுத்தினது கற்பூரம்தான்னு இவன் சொல்லணுமே. வாயே தொறக்காட்டி நான் எதை எழுத?”

சுரேஸ் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். புருவமும் மீசையும் பொசுங்கிய முகம்.

“ஐயா, நீங்களும் காலையில கருவாடு தின்னீங்களா?”

“இல்லைத் தம்பி. பாணும் சம்பலும்.”

“நெசமாவா?”

“நிசமா.”

அவன் கம்பியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தான். விரத நாளில் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டுக் கருவாடு தின்றுவிட்டுக் கற்பூரம் ஏற்றியிருக்கிறான். சாமி தன்னைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்ததாகவே நம்பியிருக்கிறான். நாங்கள் குண்டா, தூசா என்று விசாரித்துக்கொண்டிருக்க, அவன் அந்தக் கம்பிக் கூட்டுக்குள்ளேயே தன் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தான். இனி வாய் திறந்து என்ன ஆகப் போகிறது என்றுதான் இருந்திருக்கிறான்.

“அப்ப தின்னாட்டியும் வெடிச்சிருக்குமா?”

“வெடிச்சிருக்கும்.”

கொஞ்ச நேரம் அழுதான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இத்ரூஸ் எழுதிக்கொண்டே வந்து, கருவாடு வந்த இடத்தில் நிறுத்தினார்.

“வாக்குமூலத்தை ஒன்ட பொஞ்சாதிக்கு முன்னால வாசிச்சுத்தான் ஒன்னைய ஒப்படைப்பேன்.”

“கருவாட்டையுமாங்க?”

“எழுதினா வாசிக்கணும்.”

சுரேஸ் நன்றாக யோசித்தான். “அப்ப கொழும்புக்கே அனுப்பிருங்க.”

இத்ரூஸ் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனையை மூடினார். கருவாடு வெடிபொருள் இல்லை, அதை எழுதத் தேவையில்லை என்று சொல்லி, கூட்டைத் திறக்கச் சொன்னார்.