ன் வந்தால் அவுட்

நவரட்ணம் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த பிடியில், அது மட்டும் ஒரு கோழியாக இருந்திருந்தால், பிக்கரிங் ஊரைத் தாண்டுமுன்பே உயிரை விட்டிருக்கும். தொண்ணூற்றாறாம் ஆண்டு பெப்ரவரி, சனிக்கிழமை மத்தியானம். அஜக்ஸிலிருந்து டவுன்ரவுன் போகும் 401 நெடுஞ்சாலையில் பதினெட்டுச் சக்கர லொறிகள்கூட அவருடைய பழைய டொயோட்டாவைக் கண்டதும் இண்டிகேற்றர் போட்டு ஒதுங்கின. பக்கத்தில் மனைவி இராஜேஸ்வரி, மடியில் ஒரு டப்பா நிறைய வாழைப்பழ வாய்ப்பனை வைத்துக்கொண்டு, அவருடைய கோபச் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள். காரின் ஹீற்றர் பழுதாகி இரண்டு வருடம். அவருக்குக் கோபம் வருகிற நாட்களில் அதைத் திருத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

"இண்டைக்கு அவளை இந்தக் காரில ஏத்தாமல் நான் திரும்பமாட்டன்," என்றார் அவர். பின் சீற்றில் கிடந்த பனிவாருகிற பிரஷ், பழைய பேப்பர், பூட்ஸ் எல்லாவற்றையும் காலையிலேயே டிக்கிக்குள் போட்டு, ஒரு ஆள் வசதியாக இருக்க இடம் பண்ணியிருந்தார்.

"போறதெண்டால் போ எண்டு கத்தினது நீங்கள்தானே?"

"கத்தினா உடன போயிடுறதோ? நான் உன்னை எத்தினை தரம் போகச் சொல்லியிருப்பன்? நீ போனியோ?"

அவருடைய ஒரே மகள் துவாரகா, வங்கியில் வேலை பார்க்கிறவள், ஜுன் என்ற ஜப்பான் பெடியனைக் கட்டப் போகிறேன் என்று கார்த்திகை மாதம் வீட்டில் சொன்னாள். அன்று நவரட்ணம் போட்ட சத்தத்தில் தெருமுனையிலிருந்த சிவப்பு விளக்கு பச்சையாக மாறியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். மகள் ஒரு பையோடு சிநேகிதியின் அப்பார்ட்மெண்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். இப்போது ஜுனுக்கு ஒசாக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. சித்திரையில் இருவரும் அங்கேயே போகிறார்கள் என்று தாய்க்கு டெலிபோனில் சொன்னாள். ஜுனின் தாய் தகப்பன் ஒசாக்காவிலிருந்து வந்திருக்கிறார்கள், உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், டண்டாஸ் ஸ்ரீற்றில் ஒரு கரோக்கே அறை எடுத்திருக்கிறோம் என்றாள். அங்கே ஒரு விளையாட்டு நடக்குமாம். ஒருவர் ஒரு பாட்டின் பெயரைச் சொல்ல, அது முடிகிற எழுத்தில் தொடங்கும் இன்னொரு பாட்டின் பெயரை அடுத்தவர் சொல்ல வேண்டும். தோற்றவர் எழுந்து நின்று பாட வேண்டும்.

இராஜேஸ்வரி இதைச் சொன்னபோதுதான் நவரட்ணம் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பல்ல. வாலிபத்தில் பாட்டுக்குப் பாட்டில் அவரிடம் தோற்றவர்கள் வெட்கத்தில் இரவு மெயில் ரயிலேறிக் கொழும்புக்கு ஓடினார்கள். அந்தக் காலத்தில் அந்த ரயிலுக்குக் கூட்டம் சேர்த்ததே அவர்தான். உடனே ஒரு ஜப்பான் கடைக்குப் போய் ஐந்து கசெற் வாங்கினார். பிறம்ரனில் அவர் வேலை செய்த வெயர்ஹவுஸில் போர்க்லிப்ட் ஓட்டியபடியே பெயர்களை மனனம் செய்தார். இறைச்சிப் பெட்டி ஏற்ற வேண்டிய லொறியில் கழிவறைத் தாள் ஏறியது. அவருக்குக் கவலையில்லை. ஜப்பான்காரனை ஜப்பான் பாட்டிலேயே மண் கவ்வ வைத்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருவதுதான் திட்டம்.

கரோக்கே அறை ஒரு பெரிய அலுமாரி அளவுதான். ஜுனின் தகப்பன் மொரிட்டா உருண்டையான, சந்தோஷமான மனிதர். நவரட்ணத்தைக் கண்டதும் நெற்றி மேசையில் முட்டுமட்டும் குனிந்தார். பகைவன் இப்படிக் குனிந்தால் எந்த இடத்தில் அடிப்பது என்று நவரட்ணத்துக்கு விளங்கவில்லை. அது முதல் எரிச்சல். மகள் மொரிட்டாவின் மனைவிக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். அது இரண்டாவது.

"வாங்கோ அப்பா," என்றாள், கேத்திலைப் பார்த்துக்கொண்டு.

"உன்ர தலைக்கு என்ன நடந்தது? எலி கடிச்சதோ?"

"இஞ்சேருங்கோ, முதல்ல இருங்கோ," என்று இராஜேஸ்வரி அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

முதல் சுற்று தொடங்கியது. மொரிட்டா ஒரு பெயரைச் சொல்லி, விரலை உயர்த்தி அதன் கடைசி எழுத்தை வண்ணத்துப்பூச்சி பிடிப்பதுபோலக் காற்றில் பிடித்து, "அ!" என்று நவரட்ணத்தின் பக்கம் நீட்டினார். நவரட்ணம் நெஞ்சை நிமிர்த்தினார். மனனம் செய்த நாற்பது பெயர்களில் அவருக்கு அர்த்தம் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கசெற் கடைக்காரி சொல்லிக் கொடுத்தது. அந்த ஒன்று 'அ'வில்தான் தொடங்கியது.

"அசா நோ பான்!" என்று முழங்கினார். மனைவியிடம் திரும்பி, "விடியக்காலமை தின்னுற பாண்," என்றார். "உவையும் பாணைப் பாண் எண்டுதான் சொல்லினம்."

"ஐயோ, மெய்யாவோ?" என்று இராஜேஸ்வரி மொரிட்டாவின் மனைவியைப் பார்த்து, தூரத்துச் சொந்தக்காரியைக் கண்டதுபோலச் சிரித்தாள்.

ஆனால் மொரிட்டா இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டார். "அவுட்! அவுட்! ன், நோ குட்!"

ஜுன் மிகப் பணிவாக ஆங்கிலத்தில் விளக்கினான். ஜப்பான் மொழியில் எந்தச் சொல்லும் 'ன்'னில் தொடங்காது, அங்கிள். அதனால் 'ன்'னில் முடிகிற பெயரைச் சொன்னவர் தோற்றார்.

"என்ன அநியாயம் இது!" நவரட்ணம் தமிழில் வெடித்தார். "ன் இல்லாட்டி யாழ்ப்பாணத்தில ஒருத்தன் வாய் திறக்கேலாது! சாப்பிட்டன், குளிச்சன், படுத்தன், எல்லாம் அவுட்டோ? சச்சிதானந்தன் எண்டு பேர் வைச்சா பிள்ளை பிறந்த உடனயே அவுட்டோ? எடி, உன்ர பெடியன்ர பேரே ஜுன்! அவன்தான் முதல் அவுட்!"

"அப்பா, ஸ்ரொப் இற். இட்ஸ் ஜஸ்ட் எ கேம்."

"உனக்கு எல்லாம் கேம்தான்."

தோற்றவர் பாடத்தான் வேண்டும். நவரட்ணம் எழுந்து நின்று, புரியாத ஒரு பாட்டைத் திரையில் ஓடிய புரியாத எழுத்துக்கு எதிரே, தேவாரம் பாடும் குரலில், பல்லைக் கடித்தபடி பாடினார். மொரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். கேலி செய்திருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது செய்திருக்கலாம். இந்த மனிதர் உண்மையாகவே உருகிப்போயிருந்தார். நவரட்ணத்தின் காது சிவந்தது.

இரண்டாம் சுற்று. மொரிட்டாவின் மனைவி, "புருய் எய்கா," என்றாள். நவரட்ணம் அம்புபோல, "கசா நோ நெகோ!" என்றார். அவள் சொன்னது 'தங்க'த்தில் வருகிற 'க' என்றும், அவர் தொடங்கியது 'கல்'லில் வருகிற 'க' என்றும் துவாரகாதான் மெல்லச் சொன்னாள்.

"ரெண்டுக்கும் ஒரே எழுத்துத்தானேடி! எழுதிப் பார்!"

"தமிழில ஒண்டு, அப்பா. இவைக்கு ரெண்டு."

'இவைக்கு.' நவரட்ணம் அந்தச் சொல்லை விழுங்குமுன் மொரிட்டா கையை ஆட்டினார். "ஓக்கே, ஓக்கே! அப்பா-சான், ஓக்கே!" மன்னித்துவிட்டார். மூன்று மாதமாக அடுக்கி வைத்த கோபம், இப்போது மன்னிப்பும் சேர்ந்து, கொதிக்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் டண்டாஸ் ஸ்ரீற் முழுவதும் பனி உருகி ஓடியிருக்க வேண்டும்; வெளியே போய்ப் பார்க்க ஆளில்லை.

மொரிட்டா ஒன்று சொன்னார், ஜுன் ஒன்று சொன்னான். துவாரகா யோசிக்கவேயில்லை. "நெமுய் சகானா," என்றாள். தூக்கக்கலக்கத்தில் இருக்கிற மீன் என்று தாய்க்கு அர்த்தமும் சொன்னாள். அவர் வாயில் இடறியதுபோல அவள் வாயில் அந்தச் சொற்கள் கல்லில் இடறவில்லை. வீட்டில் சோறு தின்றபடி, அவருக்குத் தெரியாமல், எத்தனை நாள் இதைப் படித்திருப்பாள்? மொரிட்டாவின் மனைவி, "நத்சு நோ ச்சீசாய் கவா," என்றாள்.

மொரிட்டா விரலை உயர்த்தி எழுத்தைப் பிடித்தார். "வா!" என்று நவரட்ணத்திடம் நீட்டினார்.

வா. நாற்பது பெயர்களில் 'வா'வில் ஒன்றுகூட இல்லை. அவர் போர்க்லிப்டை மனத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டினார். எல்லாத் தட்டும் காலி.

"வாய்ப்பன் எண்டு சொல்லுங்கோவன்," என்று இராஜேஸ்வரி டப்பாவைத் திறந்து மேசையில் தள்ளினாள். "தின்னவும் குடுக்கலாம்."

"ன்னில முடியுதடி! நீயும் அவங்கட பக்கமோ?"

மொரிட்டா ஒரு வாய்ப்பனை எடுத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். "வா...?" என்று உதவி செய்தார். "வா...?"

நவரட்ணம் எழுந்தார். கோட்டின் ஒரு கையை மாட்டினார். மகளைப் பார்த்தார்.

"வா," என்றார். "எழும்பு. வீட்டை போவம். உந்த விளையாட்டுக் காணும்."

துவாரகா எழும்பவில்லை. கப்பை மேசையில் சத்தம் வர வைத்தாள்.

"வரமாட்டன்."

மொரிட்டா துள்ளி எழுந்தார். "வரமாத்தான்! ன்! ன்! துவாரகா-சான், அவுட்!" என்று கைதட்டி, மைக்கை எடுத்து அவளிடம் நீட்டினார். ஜுன் தகப்பனின் சட்டைக் கையைப் பிடித்தான். கைதட்டல் ஒன்று பாதியில் நின்றது. மொரிட்டாவின் மனைவி குனிந்து தட்டைப் பார்த்தாள். இராஜேஸ்வரி டப்பாவின் மூடியைத் தேடினாள், அது அவள் கையிலேயே இருந்தது.

நவரட்ணம் மைக்கைப் பறித்தார்.

"ஆர் சொன்னது அவுட் எண்டு?" ஸ்பீக்கர் கூவியது. "உங்கட சட்டத்தை ஒசாக்காவில வைச்சிருங்கோ! எங்கட பாட்டுக்குப் பாட்டில ன் வந்தா ஆட்டம் முடியிறேல்ல. ந-வில துவங்கும். அவள் அவுட் இல்லை. இப்ப என்ர முறை!"

யாரும் மொழிபெயர்க்கவில்லை. துவாரகா அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தை நேரே பார்த்தாள். அவளுடைய மூக்கு விடைத்திருந்தது, அச்சாக அவருடைய மூக்கு.

"சரி," என்றாள் கையைக் கட்டிக்கொண்டு. "துவங்குங்கோ. ந."

நவரட்ணத்துக்கு 'ந'வில் ஆயிரம் பாட்டுத் தெரியும். ஆயிரத்தில் ஒன்றுகூட வாசலுக்கு வரவில்லை.

"நீ..." என்றார்.

மைக்கின் எதிரொலியை யாரோ கூட்டி வைத்திருந்தார்கள். நீ, நீ, நீ என்று நான்கு சுவரும் சொல்லிக்கொண்டே போயின. திரையில் ஒரு பெண் கடற்கரையில் நடந்தாள். அவளுக்குக் கீழே பாடுவாரில்லாத எழுத்துகள் வெள்ளையிலிருந்து நீலமாக மாறிக்கொண்டிருந்தன. கோட்டின் மற்றக் கை நிலத்தைத் தொட்டுத் தொங்கியது. மொரிட்டா, கன்னம் புடைக்க வாய்ப்பனை மெல்லாமல் வைத்துக்கொண்டு, கடைசி எழுத்தைப் பிடிக்க விரலை உயர்த்தியபடி நின்றார்.