வெள்ளாவிப் பானையில் ஏழு சுரம்

1934ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புளியந்தீவில் 'ச' என்ற சுரம் இல்லாமற் போனது. சோமாஸ்கந்தர் வாத்தியாரின் சங்கீத வகுப்பில் பதினேழு பிள்ளைகள் வாய் திறந்தார்கள். காற்று மட்டும் வந்தது. தம்புராவில் ஒரு தந்தி பேசியது, 'ச'வில் கூட்டிய மற்ற மூன்றும் ஊமை. மாரி தொடங்கும் குணம் என்று ஊரார் சமாதானம் சொன்னார்கள்.

காரணம் அன்னப்பூரணிக்குத் தெரியும். கட்டாடி வீட்டுப் பெண், வயது பதினாறு. வகுப்பில் விரிக்கும் வெள்ளையை வாரந்தோறும் வெளுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் வெளுக்காத விரிப்பில் வாத்தியார் உட்கார மாட்டார். வெளுத்தவளை அதில் உட்கார விடவும் மாட்டார். என்ன நியாயமோ! முந்தின வாரம், மூன்று வருஷம் வேலியோரம் நின்று கேட்ட கீதமொன்றைப் பிசகில்லாமல் பாடிக்காட்டி, "ஐயா, என்னையும் சேத்துக்கொள்ளுங்க" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் அழுக்கு விரிப்பைச் சுருட்டி முற்றத்தில் எறிந்தார்.

"வெளுக்க வந்தா வெளுத்துட்டுப் போ புள்ள. பாட்டெல்லாம் ஒங்களுக்கு ஏறாது."

வெளுத்தாள். வாவிக்கு அக்கரையில், தன் வீடிருந்த வவுணதீவுக் கரைக் கல்லில் அவள் அடித்த அடியில் அழுக்குப் போனது, வெற்றிலைக் கறை போனது, வருஷக்கணக்காய்த் துணியில் ஊறிக் கிடந்த 'ச'வும் கழன்று வந்தது. அதை வெள்ளாவிப் பானையில் போட்டு மூடினாள். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

'ச' இல்லாத ஊரில் மற்றதுகள் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த தையில் 'ரி' தோணியேறி வவுணதீவுக்குப் போனது. பிறகு ஆண்டுக்கொன்றாக எல்லாம் போய், யுத்தம் தொடங்கிய மறு வருஷம் 'நி'யும் போய்ச் சேர்ந்தது. பறையடிப்பவர்களின் பிள்ளைகள், மீன்காரர் பிள்ளைகள், காத்தான்குடி நெசவுகாரர் மகள் ஜெமீலா எல்லாரும் பானையைச் சுற்றியிருந்து படித்தார்கள். வாத்தியாரின் வகுப்பறையில் நெல் மூட்டை அடுக்கினார்கள்.

1941இல் வாத்தியாரே தோணியில் வந்திறங்கினார். "சாகிறதுக்குள்ள ஒருதரம் பாடணும் புள்ள. அந்த 'ச' ஒண்ட மட்டும் தா" என்று அழுதார். அழுகை பொய்யில்லை. அன்னப்பூரணி ஒரு மூட்டை அழுக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"வெளுத்துட்டுப் போங்க ஐயா."

மூன்று வருஷம் வெளுத்தார். கை கொப்பளித்தது, முதுகு கூனியது. எனக்கு இரக்கம் வரவில்லை. வேலியோரம் நின்ற மூன்று வருஷத்துக்கு இது சரி. ஒரு காலை, துணியைக் கல்லில் ஓங்கி அடித்தபோது அவர் தொண்டையிலிருந்து 'ச' வந்தது. உள்ளே பிள்ளைகள் பாட்டை நிறுத்தினார்கள். அன்னப்பூரணி வெளியே வந்து, தலையைச் சரித்துக் கேட்டாள்.

"சுதி கொஞ்சம் குறைவு ஐயா" என்றாள். அடுத்த மூட்டையை அவர் காலடியில் வைத்தாள்.

அவர் குனிந்து அவிழ்த்தார். புளியந்தீவார் இப்போது தங்கள் பிள்ளைகளைக் காலைத் தோணியில் பாட்டுக்கு அனுப்புகிறார்கள். உட்காரும் விரிப்பை அவரவரே வெளுத்துக்கொண்டு போக வேண்டும்.