மூக்கில் வைத்த பொட்டு

1

வல்லம் போகும் பஸ்ஸைத் தவறவிட்டதில் எனக்குக் கிடைத்த கதை இது. செஞ்சியைத் தாண்டி, ரோட்டோரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த கொல்லையில், ஒரு பெண் ஆளில்லாத சின்ன விமானத்தை இரண்டு விரல் நுனியில் தூக்கி, முன்பாரம் பின்பாரம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதைகளைச் சோகமாக முடிக்கிற ஆள். பார்த்ததுமே அதை விழவைப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் வரி: ‘ராஜகிரி உச்சியில் சூரியன் மெல்ல...’

வேண்டாம். செஞ்சி என்றாலே எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

2

விமானத்தோடு நின்ற ரஞ்சனிக்குப் பயமாக இருந்தது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், அவலூர்பேட்டைப் பக்கம் அவள் விட்ட விமானம் கரும்புக் கொல்லையில் போய்க் குத்திக்கொண்டது. காரணம் தெரியவில்லை. தப்பு அவளுடையது என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். இதுவும் விழுந்தால் இனிப் பறக்கவிட மாட்டார்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவேண்டியதுதான்.

அன்று உடைந்ததில் காற்றுவேகம் அளக்கும் மூக்குக் குழாயை மட்டும் பையிலேயே வைத்திருக்கிறாள். (இந்த வரியைக் கதை முடிந்த பிறகு வந்து நுழைத்தேன்.)

இன்றைய வேலை, ஏரிக்கு வரும் வாய்க்கால்களை மேலிருந்து படமெடுத்து வரைபடமாக்குவது. ஒன்பது மணிக்குமேல் மலை இடுக்கில் காற்று கிளம்பிவிடும்.

3

பேட்டரி, இறக்கை, கேமரா எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகக் குழாயில் ஊத வேண்டும். ஊதினால் லேப்டாப்பில் வேகம் ஏறும்; குழாய் அடைத்திருந்தால் வேகம் தெரியாமல் விமானம் விழுந்துவிடும். லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவர் கூட வேலை செய்யும் எழிலரசன்.

“ஊதும்மா.”

“ஊதிக்கினுதான் இருக்கேண்ணா.”

“சைபர்லயே நிக்குது.”

குனிந்து பார்த்தாள். குழாய் வாயை அடைத்துக்கொண்டு சந்தனம், அதன்மேல் குங்குமம். கொல்லைக்காரி காத்தாயி பக்கத்திலேயே பூரிப்போடு நின்றாள்.

“யக்கா, இங்க இன்னா வெச்சீங்க?”

“பொட்டும்மா. மலையனூர் அம்மன் குங்குமம். மேல போற பொருள வெறும் மூக்கோடயா அனுப்புவாங்க?”

நான் போட்ட திட்டப்படி ரஞ்சனி இதைக் கவனிக்கக் கூடாது. ‘விமானம் தலைகுப்புற’ வரைக்கும் எழுதியும் விட்டேன். ஆனால் ஒருமுறை விழுந்தவள் ஊதாமல் விடுவாளா? அதற்குமேல் பேனா ஓடவில்லை, எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் குழாயைக் கழற்றி, காத்தாயியின் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் குத்தி, கழுவி, உதறி மாட்டினாள். ஊதியதும் வேகம் ஏறியது.

“பொட்ட ரெக்க மேல வைங்க யக்கா. அங்க வெச்சா ஒண்ணும் ஆவாது.”

காத்தாயி இரண்டு இறக்கையிலும் வைத்தாள்.

4

மணி எட்டேகால். நாலடி ஓடி வீசினாள். விமானம் முழங்கால் உயரத்துக்குச் சரிந்தது. (இங்கேகூட எனக்கு ஒரு சபலம் வந்தது.) அப்புறம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டது.

நாற்பது நிமிஷம் ஏர் ஓட்டுகிற மாதிரி போவதும் திரும்புவதுமாக இருந்துவிட்டு, கொல்லையிலேயே வயிற்றால் சறுக்கி, அவள் நின்ற இடத்துக்குப் பத்தடியில் வந்து நின்றது.

“அறுநூத்திப் பன்னெண்டு படம். ஒண்ணும் பழுதில்ல” என்றார் எழிலரசன். ரஞ்சனி செருப்பைக்கூட மாட்டாமல் விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஓடினாள். சோகப் பிரியனான நானே கைதட்டிவிட்டேன்.

5

ஓடி ஓய்ந்தவளுக்கு என்ன தோன்றியதோ, பையிலிருந்து பழைய குழாயை எடுத்தாள். அதே ஈர்க்கால் குத்தினாள். உள்ளங்கையில் மஞ்சள் நிறப் பொடி உதிர்ந்தது. ஆபீசில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம்.

அன்றைக்கு அவள் ஊதிப் பார்க்கவில்லை. விழுந்த பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. ஆக, தப்பில் அவளுக்கும் பங்கு உண்டு. ஆனால் எவ்வளவு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஏழு மாதமாகச் சுமந்த பயம் போயே போய்விட்டது.

காத்தாயி கிட்டே வந்தாள். “பாத்தியாம்மா, என் பொட்டாலதான நல்லபடியா எறங்குச்சு?”

‘ஆமாம்’ என்று எழுதி அடித்தேன். ‘இல்லை’ என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டுமே உண்மை: விமானத்தை விழவைக்கப் பார்த்தது அந்தப் பொட்டு, பழைய விபத்தின் காரணத்தைக் காட்டியதும் அதுதான். கையில் சந்தனப் பொடியோடு ரஞ்சனி சிரிக்கிறாள், வாயைத் திறக்கிறாள். எனக்கு அடுத்த பஸ் வந்துவிட்டது. நீங்கள் கொல்லையில்தானே நிற்கிறீர்கள், அவள் சொன்னதைக் கேட்டு எழுதிவிடுங்கள்:

“யக்கா,