நீந்தத் தெரியாத பீவர்

எங்கள் கல்லூரியின் சின்னம் பீவர். முன்பற்களை நீட்டிக்கொண்டு, தட்டை வாலை இழுத்துக்கொண்டு, ஓடைகளில் அணை கட்டித் திரியும் அந்த விலங்கின் வேடத்தைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் மைதானத்தில் ஒருவர் குதிப்பார். வேடத்துக்குப் பெயர் ஹெக்டர். ஹெக்டர் வாய் திறக்கக் கூடாது. உள்ளே யார் என்பதும் யாருக்கும் தெரியக் கூடாது. பட்டமளிப்பு விழாவில்தான் அது வெளிவரும். கறுப்பு அங்கிக்குக் கீழே ஹெக்டரின் ஆரஞ்சுப் பாதங்களை மாட்டிக்கொண்டு மேடையேறுகிறவர் எவரோ, அவர்தான் அத்தனை காலமும் ஹெக்டர்.

ட்ரூமன் ஹால்வர்சன் அந்த ஒரு நடைக்காகவே நான்கு வருடம் பஞ்சுக்குள் வெந்தவன். நூலகத்தில் என்னோடு புத்தகம் அடுக்குகிறவன். ஒருமுறை வால் கிழிந்து, தைக்கத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்ததால் எனக்கு மட்டும் விஷயம் தெரியும்.

பட்டம் இல்லாவிட்டால் பாதங்கள் இல்லை. நீச்சல் தேர்வில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. நிறுவனரின் மகன் ஏரியில் மூழ்கியதால் வந்த விதி என்பார்கள். அந்தக் கதையை இப்போது யாரும் நம்புவதில்லை. விதி மட்டும் அசையாமல் நிற்கிறது. நீச்சல் குளத்தின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பாதை பிரிக்கப் பக்கத்தில் மிதக்கும் கயிற்றைத் தொட்டால் போச்சு. எல்லோரும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். ட்ரூமன் நான்கு வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தான்.

"ஊரெல்லாம் ஹெக்டரக் கொண்டாடுது. அந்த பீவருக்கு நீந்தத் தெரியாதுன்னு தெரிஞ்சா என்னடா ஆகும்?"

"கத்தாத மார்னி. நீ சொல்லிக் குடு, கத்துக்கறேன்."

சொல்லிக் கொடுத்தேன். மினசோட்டாவில் பிறந்தவளுக்கு ஏரி என்பது வீட்டின் இன்னொரு அறை. அவனுக்குக் கையும் காலும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. தான் தண்ணீரில் இருக்கிறோம் என்று நினைத்த கணமே கயிற்றைப் பாய்ந்து பிடித்துக்கொள்வான். நினைக்காதவரை மிதந்தான். ஆனால் அவன் தத்துவ மாணவன், நினைக்காமல் இருப்பது அவன் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

விழாவுக்கு முந்தைய வாரம் கடைசித் தேர்வு. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, நீச்சல் பயிற்சியாளர் லொரெய்ன் ஹௌசர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்: தேர்வுக்கு வரும் கோழைகளை உற்சாகப்படுத்த ஹெக்டர் வருவார்.

ட்ரூமன் நூலகத்துக்கு ஓடி வந்தான். "ஒரே நேரத்துல தண்ணிலயும் கரைலயும் நான் எப்படி இருப்பேன்?"

"வர முடியலன்னு சொல்லிடு."

"யாரு போய்ச் சொல்றது? ஹெக்டர் பேசாதே!"

என்னையே பார்த்தான். நாய்க்குட்டிகள்கூட அப்படிப் பார்க்காது.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை, நான்கு வருட வியர்வையின் வாசனைக்குள் நான் நின்றேன். ஹெக்டரின் பற்களுக்கு நடுவே உலகம் ஒரு கடிதப் பெட்டியின் வாய் அளவுக்குத் தெரிந்தது. ஹெக்டருக்கென்று ஒரு வித்தை உண்டு. மூன்று குதி, ஒரு சுழற்சி, பிறகு வாலைத் தரையில் பளாரென்று அடிப்பது. கூட்டம் பதிலுக்கு இருக்கைகளை இரண்டு முறை அடிக்கும். நான் குதித்தேன். சுழன்றபோது வால் என் முதுகிலேயே அடித்தது.

"இன்னிக்கு ஹெக்டருக்கு என்ன ஆச்சு?" என்றது மேலே உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பரீட்சை ஜுரமா இருக்கும்!"

கோச் ஹௌசர் மட்டும் சிரிக்கவில்லை. நீளக் கொக்கிக் கம்பில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரூமன் குதித்தான். பாதித் தூரம் அழகாகப் போனான். பிறகு, என் கண் முன்னாலேயே, நினைக்க ஆரம்பித்தான். முகம் வெளுத்தது. கை கயிற்றை நோக்கி நீண்டது. அந்தக் கை அதைத் தொட்டால் நான்கு வருடம் முடிந்தது. நானே அறியாமல் வாய் திறந்துவிட்டேன்.

"கயித்தத் தொடாதடா, ட்ரூமன்!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஹெக்டர் பேசிவிட்டது. அதுவும் நூலகத்தில் 'சத்தம் போடாதீங்க' என்று எல்லோரையும் விரட்டும் என் குரலில்.

பதறிப் பின்வாங்கினேன். ஈரத் தரையில் ஆரஞ்சுப் பாதங்கள் வழுக்கின. நான் குளத்துக்குள் போனேன். பஞ்சு தண்ணீரைக் குடித்து மெத்தை போல் கனத்தது. தலை கழன்று, பற்களைக் காட்டியபடி அக்கரை நோக்கி மிதந்து போனது.

"என் தலை!" என்று அலறினான் ட்ரூமன்.

நான் மூழ்கிக்கொண்டிருந்தேன். அவனோ ஹெக்டரின் தலைக்குப் பின்னால் போனான். நீச்சல் அணிப் பையன்கள் இருவர் என்னை இழுத்துக் கரையில் போட்டபோது அவன் கைகளை வீசிப் பாய்ந்துகொண்டிருந்தான். அவன் அக்கரைச் சுவரில் கை வைத்தபோது, அங்கே போயிருந்த கோச் கொக்கியால் தலையைத் தூக்கிவிட்டார். தண்ணீர் சொட்டும் தலையையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அதைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, கரையோரமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"கோச், அதக் குடுங்க! குளோரின் பட்டா சாயம் போயிடும்!"

"வந்து வாங்கிக்க, ஹால்வர்சன்."

வந்தான். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே, கயிறு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் நீந்தி வந்தான். இக்கரைச் சுவரைப் பிடித்ததும் தலை அவன் கைக்கு வந்தது.

"தேறிட்ட," என்றார் கோச். பிறகு குனிந்து, மெதுவாக, "நான் எதையும் பாக்கல."

கூட்டம் பார்த்ததோ வேடத்துக்குள் இருந்த என்னை மட்டும்தான். அந்த வாரம் முழுக்க நான்தான் ஹெக்டர். தெரியாதவர்கள் முதுகில் தட்டினார்கள். உணவுக்கூடத்து டோலி என் தட்டில் பான்கேக்கைக் கோபுரமாக அடுக்கி, "பீவருக்கு மேப்பிள் பாகு ஜாஸ்தி" என்று ஊற்றினார். மறுக்க முடியவில்லை. விழாவரை ரகசியம் ரகசியமாக இருக்க வேண்டும் அல்லவா. ட்ரூமன் எதிரில் உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியைக் கடித்தபடி என் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

விழா நாள். புல்வெளி முழுக்க மடக்கு நாற்காலிகள். ட்ரூமனின் பெயரை அழைத்தார்கள். அங்கிக்குக் கீழே, குளோரினில் வெளுத்துப் பீச் பழ நிறமாகிவிட்ட பாதங்களோடு அவன் படியேறினான்.

"டேய், அது மார்னியோட கால்டா!"

"திருடன்! கழட்டுடா!"

சிரிப்பு பரவியது. ட்ரூமன் மேடை நடுவில் நின்றுவிட்டான். நான் எழுந்து உண்மையைக் கத்தலாமா என்று யோசித்தேன். கத்தியிருந்தால் நண்பனுக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று என்னைத்தான் இன்னும் மெச்சியிருப்பார்கள்.

அவன் தொப்பியைக் கழற்றிக் கல்லூரித் தலைவரின் கையில் கொடுத்தான். மூன்று குதி. ஒரு சுழற்சி. வால்தான் இல்லை, ஆனால் இடுப்பை வெட்டிய வெட்டில் அது எங்கே விழுந்திருக்கும் என்று அந்தப் புல்வெளியில் எல்லோருக்கும் தெரிந்தது.

சிரிப்பு நின்றது. ஆசிரியர் வரிசையில் கோச் ஹௌசர் தன் நாற்காலியை இரண்டு முறை அடித்தார். அடுத்த கணம் புல்வெளி முழுக்க நாற்காலிகள் அதிர்ந்தன. தொப்பியைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தலைவரும் அதை மேசையில் இரண்டு முறை தட்டினார்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் டோலி என் தட்டில் ஒரே ஒரு பான்கேக்கை வைத்தார்.

"பாகு?" என்றேன்.

"அங்க இருக்கு, நீயே ஊத்திக்க," என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ட்ரூமனின் தட்டை வாங்கினார்.