கேட்டைத் தாண்டாத வண்டி

"இன்னும் ஒரே ஒரு தள்ளு" என்றான் வெற்றிசெல்வன். நான்கு பேர் தோள் கொடுத்தும் வண்டியின் பின்சக்கரம் அவனுடைய குட்டியானை லோடு வண்டியின் பலகைமேல் ஏறுவேனா என்று அடம் பிடித்தது. பிளெஸ்ஸி சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஐந்தாவது ஆளாகப் போய் நின்றாள். வீட்டுக்குள்ளே அவளுடைய அப்பா ஆரோக்கியதாஸைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. ஏழு மணிக்கு ஆம்புலன்சில் உடம்பு வீடு வந்து சேர்ந்தது. பதினோரு மணிக்கு டவுனில் பிரேக் இன்ஸ்பெக்டர் இந்த வண்டியைப் பார்க்க நாள் கொடுத்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம். மூன்று முறை தள்ளிப்போன நாள் இது. இதையும் விட்டால் அடுத்தது எப்போது என்று அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அண்ணன் அருள்தாஸ் ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தான். "வெக்கமா இல்லையா ஒனக்கு? அப்பா அங்க கெடக்காரு. நீ வண்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறே. ஊரே பாக்குது."

"ஊரு வந்து வண்டிக்கு நம்பர் வாங்கித் தருமா? மூணு வருசமா அலைஞ்சவ நாண்ணே. நீ திருப்பூர்ல உக்காந்து போன்ல 'என்னாச்சு'ன்னு கேட்டதோட சரி."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஞானமணி கட்டிலின் தலைமாட்டில் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

"போகட்டும் விடு, அருளு. நாலு மணிக்குத்தானே எடுக்குறோம்."

ஆறு வருடங்களுக்கு முன்பு மொபெட்டின் பின்சீட்டிலிருந்து விழுந்து ஞானமணிக்கு முதுகுத்தண்டு போனது. அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் நான்கு ஆண்கள் தூக்க வேண்டும். திருமயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வேனில் ஏற்றும் இடத்தில் சேலை விலகிவிட்டது. பந்திக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: "இனிமே என்னைய யாரும் தூக்க வேணாம்." அன்றோடு சரி. கோயிலுக்கும் போகவில்லை. சாமியார்தான் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார்.

ஆரோக்கியதாஸ் திருவரங்குளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். காயலான் கடையில் கிடந்த பழைய ஜீப்பு ஒன்றை வாங்கிவந்து, மேலே இருந்ததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, லோடு ஆட்டோ எஞ்சினை வைத்து, தாழ்வான தரை போட்டு ஒரு வண்டி கட்டினார். பின்கதவைத் திறந்தால் அதுவே சரிவுப் பலகையாக இறங்கும். நாற்காலி அப்படியே உருண்டு ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் வந்து பூட்டிக்கொள்ளும். ஒருவர் கையும் படாமல் ஞானமணி ஏறலாம், இறங்கலாம். கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. நம்பர் வாங்குவதற்கு மூன்று வருடமும் போதவில்லை.

முதலில் புகை. லோடு ஆட்டோ எஞ்சின் இந்தக் காலத்துப் புகை விதிக்குள் அடங்காது. நடக்க முடியாதவர்களுக்காகத் தனியாகக் கட்டிய வண்டிக்கு விலக்கு உண்டு என்று ஒரு ஆணை இருப்பதை பிளெஸ்ஸிதான் கண்டுபிடித்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். தேடிப் படிக்கத் தெரியும். ஆனால் விலக்கு கேட்பதற்கும் எவ்வளவு புகை வருகிறது என்று சோதித்த சீட்டு வேண்டுமாம். சோதனை மையத்தில் கம்ப்யூட்டர் நம்பர் கேட்டது. நம்பர் கேட்டுப் போனால் ஆபீஸில் புகைச் சீட்டு கேட்டார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் அவளுடைய ஒரு வருடத்து லீவு முழுக்கத் தீர்ந்த பிறகுதான், ஒரு கெடு வைத்து விலக்கு கொடுத்தார்கள்.

அது முடிந்தால் சேஸ் நம்பர். பழைய ஜீப்பின் சட்டத்தில் அடித்திருந்த எண்தான் வண்டிக்குப் பிறப்புச் சான்று மாதிரி. அந்த இடம் துருப்பிடித்து அரித்திருந்தது. ஆரோக்கியதாஸுக்குத் துருவைக் கண்டால் ஆகாது. வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு வைத்து, ஒட்டுத் தெரியாமல் பற்றவைத்து, தேய்த்து வழவழவென்று ஆக்கி வைத்திருந்தார். "பாரு, பொறந்த எடமே தெரியல" என்று மகளிடம் பெருமையாகக் காட்டவும் செய்தார். எண்ணை அழித்த வண்டி என்றால் திருட்டு வண்டி என்பதுதான் சட்டத்தின் முதல் நினைப்பு. போலீஸ் கடிதம், தடயவியல் கடிதம் எல்லாம் வாங்கிய பிறகு கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார்கள்: எண்ணை வெட்டியது தான்தான் என்று வெட்டியவரே நேரில் வந்து, இன்ஸ்பெக்டர் முன்னால் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஆரோக்கியதாஸ் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். ஞானமணி ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. "நான் அம்மாவ நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வந்துடுறேன்ப்பா, யாரு பாக்கப்போறா?" என்று பிளெஸ்ஸி கெஞ்சினாள். அவர் மூச்சிரைக்க, "வேணாம்டி, புடிச்சா வண்டியே போயிரும். நம்பர் வரட்டும். அப்பத்தான் கேட்டைத் தாண்டணும்" என்றார். ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ரோட்டில் எடுத்து, போலீஸ் பிடித்து, நாற்பது நாள் ஸ்டேஷன் வெயிலில் வண்டி காய்ந்து, இனி எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான் அவருக்கு. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் பிளெஸ்ஸிக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளை, செத்துத்தான் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டியிருந்ததே மனுஷனுக்கு.

இன்ஸ்பெக்டர் கார்த்திகேயன் புதிதாக வந்தவர், சின்ன வயது. மைதானத்தில் வண்டியை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிரேக்கை அமுக்கினார். பின்கதவைத் தானே இறக்கி, அதன்மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தார்.

"யாரும்மா கட்டுனது? கம்பெனிக்காரன்கூட இப்படி யோசிக்க மாட்டான்."

"எங்கப்பா சார்."

"அவரு வரலியா?"

வழி நெடுக மனப்பாடம் பண்ணி வந்ததை அவள் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இருக்காரு சார். எந்திரிக்க முடியல. கையெழுத்து வாங்கியாந்திருக்கேன்."

முந்தாநாள் படுக்கையில் வைத்து வாங்கிய கையெழுத்து. கோணல்மாணலாக இருந்தாலும் அவருடையதுதான். கார்த்திகேயன் தாளை வாங்கி, மேசைக்குப் போய் உட்கார்ந்து படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது என் முன்னாடி போடணுமேம்மா. லெட்டர்லயே இருக்கே."

"தெரியும் சார். விலக்கு வெள்ளிக்கிழமையோட முடியுது. அதான்..."

அவர் கோப்பைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். எத்தனை தேதிகள், எத்தனை முத்திரைகள். கடிகாரத்தைப் பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரி? ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போவேன், அப்படியே வந்து பெட்டுலயே வச்சு வாங்கிக்கிறேன். இன்னைக்கே முடிச்சு விட்ருவோம். மூணு வருசமா அலையுறீங்க."

இந்த மூன்று வருடத்தில் அந்த ஆபீஸில் ஒருவர்கூட அவளுக்காக நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. எழுந்து வருகிறேன் என்று ஒருத்தர் சொன்ன நாள் இன்றைக்குத்தானா வரவேண்டும்? அவர் எரிந்து விழுந்திருந்தால் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பாள். இவரிடம் ஆஸ்பத்திரி பேரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வேணாம் சார். காலைல அஞ்சு மணிக்குத் தவறிட்டாரு."

"இன்னைக்கா?"

"வீட்டுல கெடத்தியிருக்கு. நாலு மணிக்கு அடக்கம்."

கார்த்திகேயன் எழுந்து நின்றார். பேனா மூடியைத் தேடினார்; அது அவர் கையில்தான் இருந்தது. "தெரியாம இருந்தா வேற. தெரிஞ்சப்புறம் எறந்தவரு கையெழுத்த எனக்கு முன்னாடி போட்டாருன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?" என்றார்.

"அம்மா பேருல புதுசா மனு போட்டா?"

"போடலாம். நம்பர வெட்டுனது யாருன்னு யாரு எழுதிக் குடுப்பா? அத அவரு ஒருத்தருதானே குடுக்க முடியும்."

தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவரைத் திட்டவும் வழியில்லை. குட்டியானையின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதும் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. ஒரு விரற்கடைத் துருவை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா இந்த அப்பா? யார் கேட்டார்கள் அந்த வழவழப்பை? வெற்றிசெல்வன் கேப்பறை ஊர்த் திருப்பத்தில் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. பெட்டி வந்திருந்தது. ஞானமணி அதே இடத்தில்தான் இருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டு பிளெஸ்ஸியைப் பார்த்தார்கள்.

"என்னம்மா சொன்னாங்க?" என்று ஞானமணி கேட்டாள்.

அம்மாவின் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் இந்தக் கை இந்த வாசலோடு நின்றுவிடும். ஆண்கள் தூக்க வருவார்கள்; அவள் வேண்டாம் என்பாள்; மற்ற எல்லோரும் கல்லறைக்குப் போய்விட்டு வருவார்கள்.

"முடிஞ்சிருச்சும்மா. கையெழுத்துப் போட்டுட்டாங்க."

இன்ஸ்பெக்டரிடம் நிற்காத பொய் அம்மாவிடம் தடங்கல் இல்லாமல் வந்தது. ஞானமணி தலையாட்டினாள். "அப்ப நானும் கல்லறைக்கு வாரேன்" என்றாள்.

அருள்தாஸ் தங்கையைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான். "நெசமாவா?"

"இல்ல. இனி கெடைக்கவும் செய்யாது."

"அடிப்பாவி. ரோட்டுல மடக்குனா?"

"ஓட்டப்போறது நான். என்னையப் புடிச்சுட்டுப் போகட்டும்."

அவன் அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான். "நீ அம்மா பக்கத்துல இரு. நான் ஓட்டுறேன்."

நாலு மணிக்குச் சாமியார் வந்து ஜெபம் முடித்தார். பெட்டியின் மேலிருந்த மாலைகளை எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக் கோயில் வண்டியில் வைத்தார்கள். பிளெஸ்ஸி அம்மாவின் நாற்காலியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். குட்டியானையிலிருந்து இறக்கிய அப்பாவின் வண்டி வீட்டைப் பார்த்து நின்றது. நாற்காலியில் இருக்கிறவளுக்கு அதன் முன்பக்கம் கண்ணுக்கு நேரே இருந்தது. அங்கே பம்பரில் ஆரோக்கியதாஸ் என்றைக்கோ வெள்ளையடித்து மாட்டிய நம்பர் பிளேட், ஒரு எழுத்தும் இல்லாமல் வெயிலில் பளீரென்று இருந்தது. நாற்காலியைப் பின்பக்கமாகக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று பிளெஸ்ஸிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞானமணி சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அந்த வெள்ளைத் தகட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அருளு, அந்தச் சம்பங்கி மாலைய இங்கிட்டுக் குடு."

அவன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் முன்னால் சாய்ந்து, மாலையை பம்பரில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. பூக்களை விரலால் நகர்த்தி அதையும் மூடினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏத்துங்க. அவரு முன்னாடி போயிட்டாரு" என்றாள்.