பிப்ரவரி முப்பதாம் தேதிச் சட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காராச்சேவுப் பொட்டலத்தில் கிடைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘மக்களாட்சி வளர வளரச் சட்டமும் எப்படி வளர்கிறது’ என்று ஒரு சட்டக் கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். “ஆதி மனிதன் குகையில் வாழ்ந்த காலத்தில்” என்று ஆரம்பித்தேன். மூன்று நாளாகியும் அவன் குகையை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் சேவைத் தின்றுவிட்டுப் பொட்டலத் தாளைப் பிரித்தால், சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டர் தாள். முன்பக்கம் பிப்ரவரி 30. பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது:

“விதி 7: மீன் குழம்பு கொண்டுவருகிறவர் தூக்குவாளி மூடியை இறுக்கவும். டிரைவர் அண்ணன் பிரேக் அடிப்பார்.”

ஆதி மனிதனைக் குகையிலேயே விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: “கிழக்கு வானம் சிவந்து” (வேண்டாம். எல்லாக் கதையிலும் கிழக்குதான் சிவக்கிறது.)

இரண்டாவது: “பாண்டிச்செல்வி ஒரு புரட்சிக்காரி.” (இதுவும் வேண்டாம். அவள் காதில் விழுந்தால் என்னைத்தான் திட்டுவாள். அவள் கேட்டது ஒரு ஜன்னல்.)

மூன்றாவது, கொஞ்சம் உருப்படியானது: தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத் தினமும் காலையில் வேன் போகும். சீட் பதினெட்டு, ஏறுகிற பெண்கள் இருபத்தொரு பேர். ஓட்டுகிறவர் வெள்ளைத்துரை. யார் எங்கே உட்காருவது, என்ன பாட்டு, எத்தனை ஹாரன் அடித்துக் காத்திருப்பது, எல்லாம் அவருடைய அன்றைய மனநிலை. வீட்டில் சண்டையென்றால் ஒரே ஹாரன்தான். “வண்டி என்னுது, ரூலும் என்னுது” என்பார். (வண்டி அவருடையதில்லை, கம்பெனியுடையது. ராஜாக்கள் மட்டும் நாட்டை விலை கொடுத்தா வாங்கினார்கள்?)

பாண்டிச்செல்விக்குச் சரம் பின்னுகிற வேலை. கை வேகமாக ஓடும், வயிறுதான் தகராறு. வண்டி கிளம்பினால் ஓங்கரிப்பு வந்துவிடும். ஜன்னலோரம் முகத்தில் காற்றுப் பட்டால் ஒன்றும் செய்யாது. பின்சீட்டில் வந்தால் பிழிந்த துணி மாதிரி இறங்குவாள். போர்மேன் இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவளுக்கு ஜன்னல் போனால் வேலை போச்சு.

அன்றைக்கும் வெள்ளைத்துரை அவளைப் பின்சீட்டில்தான் போட்டார். கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தியெடுத்தவள், திரும்ப ஏறவில்லை. நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் முத்துப்பேச்சி இறங்கினாள், அப்புறம் எல்லாரும். இருபத்தொரு பேர் நடக்க, காலி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் ஊர்ந்தது.

“ஏத்தா, ஏறுங்கத்தா! லேட்டானா போர்மேன் என்னையத்தான் வைவாரு!”

“எங்களைக் கேக்காமப் போட்ட ரூலு எங்களுக்கு எதுக்குண்ணே?” என்றாள் பாண்டிச்செல்வி.

சாயங்காலமே சட்டம் எழுதப்பட்டது. பாண்டிச்செல்வியின் புருஷன் பிரபாகரனுக்கு சிவகாசியில் ஒரு அச்சாபீசில் வேலை. தப்பாக அடித்த காலண்டர் தாள்களைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவான். பிப்ரவரிக்கு முப்பத்தொரு நாள் அடித்த கட்டு அது. பன்னிரண்டாவது படித்த முத்துப்பேச்சி மேலே கிடந்த தாளை உருவி எழுதினாள். தேதியை ஒருத்தியும் பார்க்கவில்லை. தாளில் போட்டிருந்த நல்ல நேரத்தைப் பார்த்து, அது வரும்வரை காத்திருந்து கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளைத்துரையும் கட்டைவிரல் வலிக்க வலிக்கப் போட்டார்.*

* ஏன் வலித்தது என்று எனக்கும் தெரியாது. வாக்கியம் நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மாதம் ஒன்றாம் தேதி எல்லா விதிக்கும் மறு ஓட்டு. சரிபாதியாக வந்தால் அந்த விதி விழுந்துவிடும். எட்டு மணிக்கு முன்னால் சோகப் பாட்டு போடக்கூடாது என்பது ஒருமனதாக நின்றது. ‘ஓங்கரிக்கிறவருக்கு ஜன்னல்’ மட்டும் மாதாமாதம் பதினொன்றுக்குப் பத்து. எதிர்த்த பத்துப் பேருக்கும் கருப்பம்மாள்தான் தலைமை. “எங்க மூஞ்சிக்குக் காத்து வேண்டாமா? முறை வச்சு உக்காருவோம்” என்பாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

3

ஒரு நாள் டீக்கடையில் சட்டத் தாளைத் திருப்பிப் பார்த்த வெள்ளைத்துரையின் கண் தேதியில் விழுந்தது. வண்டியை எடுத்ததும் கேட்டார்:

“பிப்ரவரி முப்பது! எந்த வருசத்தா அப்படி ஒரு நாளு வந்துச்சு? வராத நாள்ல போட்ட சட்டம் எப்படிச் செல்லும்?”

பாண்டிச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“செல்லாதுன்னே வச்சுக்குவோம்ணே. அப்ப நாங்க கண்மாய்க்கரையில இறங்கிக்கிருவோம்.”

வெள்ளைத்துரை ஒரு கிலோமீட்டர் தூரம் யோசித்தார்.

“சரி, செல்லும். அப்ப எனக்கும் ஒரு ஓட்டு குடுங்க. எனக்கும் சேத்துத்தான ரூல் போடுறீக? என்னையக் கேக்காமப் போட்ட ரூலு எனக்கு எதுக்கு?”

அவள் நெஞ்சம் உருகி (அடித்துவிட்டேன். உருகவில்லை.) அவளுக்குக் கோபம்தான் வந்தது. தான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரே என்று ஒரு கோபம். அவர் கட்டாயம் கருப்பம்மாள் பக்கம் போடுவார், பதினொன்றுக்குப் பதினொன்று ஆகும், ஜன்னல் போகும் என்று இன்னொரு கோபம். எல்லாவற்றுக்கும் அடியில் பழையது ஒன்று கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அவள் ஓடி வந்தாள். இன்னும் பத்தே எட்டு வைத்தால் வண்டி. கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் கியர் போட்டார். அன்றைக்கு நின்று அழுதது வண்டி போனதற்காக இல்லை, அவர் பார்த்ததற்காக.

ஆனாலும் அவர் கேட்டது நியாயம். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். முடிவு அ: அவள் மன்னித்துவிடுகிறாள், எல்லாரும் லட்டு தின்கிறார்கள். (எனக்கே நம்பிக்கையில்லை.) முடிவு ஆ: ஓட்டு கிடையாது, வெள்ளைத்துரை ஸ்டியரிங்கில் சாய்ந்து அழுகிறார். (அரைப்பக்கம் சந்தோஷமாக எழுதினேன், அப்புறம் வெட்கமாகிவிட்டது.) முடிவு இ: வண்டி பஞ்சர். (கோழைத்தனம்.)

பாண்டிச்செல்வி என் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்களும் வெள்ளைத்துரை அண்ணன் மாதிரித்தான். எங்களைக் கேட்டா எங்களை எங்கன உக்கார வைக்கிறதுன்னு முடிவு பண்றீக?”

“அப்படியென்றால் எனக்கும் ஒரு ஓட்டு கொடுங்கள்” என்றேன்.

“நீங்க கம்பெனிக்கு வேலைக்கு வர்றீகளா?”

“இல்லை.”

“அப்பக் கிடையாது.”

5

டிரைவருக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று சீட்டு எழுதித் தூக்குவாளியில் போட்டார்கள். என் கதைதானே என்று பாண்டிச்செல்வியின் சீட்டை எட்டிப் பார்த்தேன். அவள் வாளி மூடியால் மறைத்துக்கொண்டாள்.

“எட்டிப் பாக்காதீக. விதி பன்னெண்டு.”

உண்டு என்று பதினொன்று, இல்லை என்று பத்து.

வெள்ளைத்துரை பாவம், அந்த ஒரு ஓட்டுக்காரிக்கு நன்றி சொல்லத் துடித்தார். யாரென்று எப்படித் தெரியும்? கருப்பம்மாள் தன்னுடையதுதான் என்றாள். முத்துப்பேச்சி சிரித்தாள். பாண்டிச்செல்வி வெளியே வேடிக்கை பார்த்தாள். வேறு வழியில்லாமல் மறுநாளிலிருந்து இருபத்தொரு பேருக்கும் நின்று, இருபத்தொரு பேரையும் “வாங்கத்தா, சாப்பிட்டீகளா?” என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. வாய் வலிக்கிறது என்று என்னிடம் புலம்பினார்.

6

ஒன்றாம் தேதி வந்தது. ஜன்னல் விதிக்கு மறு ஓட்டு. இந்தத் தடவை இருபத்திரண்டு சீட்டு.

கம்பெனிக்கு முந்தின திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி வெள்ளைத்துரை எழுதினார். ஒரு வார்த்தை எழுத அவ்வளவு நேரமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “நீங்க அங்கிட்டுத் திரும்புங்க சார்” என்றார். பாண்டிச்செல்வி திரும்பவேயில்லை. ஜன்னல் கம்பியை மட்டும் விடவில்லை.

எண்ண ஆரம்பிப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது. செல்போன், தீப்பெட்டி, வெளியாள் உள்ளே போகக்கூடாது. வாட்ச்மேன் என்னை இறக்கிவிட்டார். தூக்குவாளியோடு வேன் உள்ளே போனது. கொஞ்சநேரத்தில் வேனிலிருந்து ஒரு பெருங்கூச்சல் கேட்டது. சந்தோஷமா சண்டையா என்று பிடிபடவில்லை.

சாயங்காலம் அதே வேன் கண்மாய்க்கரை வழியாகத்தான் திரும்பும். ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தைரியமில்லை.